டெப்புக்குத் தனியாக சிம் போட வேண்டுமா, போன் ஹொட்ஸ்பொட் போதுமா?

களுவாஞ்சி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மூத்த மகள் வருகிற வருஷம் உயர்தரம் எடுக்கிறாள், உயிரியல் பிரிவு. ரியூசன் பாதி நேரில், பாதி சூமில். இவ்வளவு நாளும் என் போனில்தான் வகுப்புப் பார்த்தாள். சேர் வரைகிற இதயத்தின் படத்தை அந்தச் சின்னத் திரையில் பார்த்துக் குறிப்பெடுத்துக் கண் வலிக்கிறது என்கிறாள், பார்க்க எனக்கே பாவமாக இருக்கிறது. அதனால் டெப் (டெப்லட்) ஒன்று எடுப்பது என்று முடிவாகிவிட்டது. கட்டாரில் இருக்கிற என் தம்பி சித்திரைக்கு வரும்போது வாங்கி வருவான்.

அவன் கேட்கிற ஒரே கேள்விக்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை. வைஃபை மட்டும் உள்ளதா, சிம் போடுகிறதா? சிம் உள்ளது விலை கூட. ஐபேட் என்றால் சாதாரண மொடலுக்கே அமெரிக்க விலையில் 150 டொலர் வித்தியாசம் என்று தம்பி சொன்னான், சாம்சுங்கில் அவ்வளவு இல்லையாம், ஆனால் வித்தியாசம் இருக்கிறது. வீட்டில் ரவுட்டர் கிடையாது. என் போனும் கணவருடைய போனும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன மாதம் பரீட்சித்துப் பார்க்க அக்காவின் பழைய ஐபேடை ஒரு கிழமைக்கு வாங்கி, என் போனின் ஹொட்ஸ்பொட்டில், அதாவது போனின் டேட்டாவை வைஃபையாகப் பகிர்ந்து, போட்டுப் பார்த்தோம். 20 ஜீபி பெக்கேஜ் மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. மகள் பார்த்தது இரண்டே வகுப்பு. கம்பனிக்காரன் டேட்டாவைக் களவெடுக்கிறான் என்று கணவர் கத்துகிறார். அப்படியென்றால் சிம் போட்டாலும் இதே கதைதானே? மாதம் மாதம் இவ்வளவு கொட்ட எங்களால் முடியாது, அதனால்தான் கேட்கிறேன்.

கல்லடிப் பாலத்தடி:

அக்கா, நான் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன், இந்த முறைப்பாடு கிழமைக்கு இரண்டு மூன்றாவது வரும். உங்கள் டேட்டாவை யாரும் களவெடுக்கவில்லை. அந்த ஐபேட்தான் குடித்திருக்கிறது.

நடந்தது இதுதான். டெப்பில் சிம் இருந்தால், டேட்டா காசுக்கு வருகிறது என்று டெப்புக்கே தெரியும், பெரிய வேலைகளைத் தள்ளி வைக்கும். ஆனால் உங்கள் போனிலிருந்து வரும் ஹொட்ஸ்பொட் டெப்பின் கண்ணுக்கு வெறும் வைஃபைதான். வைஃபை என்றால் செலவில்லை என்று எடுத்துக்கொண்டு, இரவு சார்ஜில் போட்டதும் இருக்கிற எல்லா அப்பையும் அப்டேட் பண்ணும், அக்காவின் போட்டோ வீடியோ எல்லாவற்றையும் ஐகிளவுட்டுக்கு ஏற்றும், சில நேரம் ஐபேடின் மென்பொருளையே புதுசாக இறக்கும், அது மட்டுமே பல ஜீபி வரும். போனும் டெப்பும் ஒரே கம்பனி செய்தது என்றால் ஓரளவு ஒன்றையொன்று புரிந்துகொள்ளும், அண்ட்ரொயிட் போனும் ஐபேடும் சேரும்போதுதான் பெரும்பாலும் இந்த இழப்பு.

இதற்கு மருந்து இருக்கிறது, காசும் இல்லை. ஐபேடில் வைஃபை செட்டிங்குக்குப் போய், உங்கள் ஹொட்ஸ்பொட் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன வட்டத்தைத் தட்டுங்கள், அங்கே லோ டேட்டா மோட் என்று இருக்கும், அதைப் போடுங்கள். சாம்சுங் டெப் என்றால் அதே இடத்தில் உங்கள் வைஃபையை மீட்டர்ட் நெட்வேர்க், அதாவது காசுக்கு வருகிற டேட்டா, என்று மாற்றலாம். மறுகா ஒரு கிழமை பாவித்துப் பாருங்கள், கணக்கு முழுக்க வேறாக இருக்கும்.

டெப்பில் வகுப்புப் பார்ப்பதால் டேட்டா கூடப் போகுமா என்றும் பலர் கேட்பார்கள். சூம் திரையின் அளவைப் பார்த்து அவ்வளவாகக் கூட்டுவதில்லை. சேர் முகத்தைக் காட்டாமல் வெள்ளைப் பலகையை மட்டும் பகிர்ந்து படிப்பித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு நூறு எம்பிகூடப் போகாது. எல்லாரும் கமராவைப் போட்டுக்கொண்டு இருந்தால்தான் அது ஒரு ஜீபி பக்கமாகப் போகும். டெப்பில் செலவு ஏறுவது யூடியூப்பில். பெரிய திரை என்றதும் அது தானாகவே தரத்தைக் கூட்டிவிடும். 480 தரத்தில் மணிக்கு அரை ஜீபி அளவு, 1080 என்றால் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். பலகையில் எழுதுவதை வாசிக்க 480 தாராளம்.

ஆனபடியால் என் முதல் பதில்: வைஃபை டெப் எடுங்கள், மிச்சக் காசுக்கு நல்ல கவரும் பேனாவும் வாங்குங்கள். ஆனால் அதற்கு முதல் ஒன்று கேட்க வேண்டும். வகுப்பு நடக்கிற நேரத்தில் உங்கள் போன் எங்கே இருக்கும்?

களுவாஞ்சி அம்மா:

தம்பி, அந்த லோ டேட்டா மோட் விஷயத்துக்குக் கோடி நன்றி, கணவருக்கும் வாசித்துக் காட்டினேன், மனுசன் இப்போதுதான் அமைதியானார்.

கடைசியாகக் கேட்டீர்களே, அதைப் படித்ததும்தான் எனக்கே விளங்கியது. நான் தாதி. கிழமையில் இரண்டு மூன்று இரவு டியூட்டி, போன் என்னோடு போய்விடும். கணவர் படுவான்கரையில் வயல் செய்கிறார், விதைப்பு, வெட்டு நேரங்களில் அங்கேயே தங்குவார், போகிற இடத்தில் சிக்னலும் அரைகுறை. மகளின் சூம் வகுப்பு பின்னேரம் ஆறிலிருந்து எட்டு வரை. அப்போ வீட்டில் அவளும் தங்கச்சியும் அம்மம்மாவும்தான், அம்மம்மாவிடம் இருக்கிறது பட்டன் போன். இவ்வளவு நாளும் நான் நைட் போன நாட்களில் அவள் வகுப்பைத் தவற விட்டிருக்கிறாள், எனக்குச் சொல்லவே இல்லை.

கல்லடிப் பாலத்தடி:

அப்படியென்றால் நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். சிம் உள்ளதை எடுங்கள் அக்கா. ஹொட்ஸ்பொட் போதும் என்கிற கணக்கு, போனும் டெப்பும் ஒரே ஆளின் கையில் இருக்கும்போதுதான் சரிவரும். வெளிநாட்டில் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஹொட்ஸ்பொட் போதும் என்று சொல்வது, அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தனிப் போன் இருப்பதால். நம்முடைய வீடுகளில் போன் உழைக்கிறவரோடு வெளியே போய்விடும், பிள்ளை வீட்டில் இருக்கும். அதோடு, சிம் இருக்கிறது என்பதற்காக மாதா மாதம் பில் கட்ட வேண்டும் என்றும் இல்லை. இங்கே ப்ரீபெய்ட் தானே, வகுப்பு உள்ள மாதம் டேட்டா போடுங்கள், லீவு மாதம் சும்மா விடுங்கள்.

வந்தாறுமூலை மாணவி:

அக்கா, நானும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். கிழக்குப் பல்கலையில் படிக்கிறேன், சிம் டெப் இரண்டு வருஷமாகப் பாவிக்கிறேன். வாங்கும்போது வீட்டில் எல்லாரும் வீண் செலவு என்றார்கள். போன் ஹொட்ஸ்பொட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: இரண்டு மணித்தியால வகுப்புக்கு ஹொட்ஸ்பொட் போட்டால் போன் அடுப்புப் போலச் சுடும், பற்றரி பாதியாகிவிடும், நடுவில் யாராவது கோல் எடுத்தால் சில போன்களில் டேட்டாவும் நின்றுவிடும். டெப்பின் பற்றரி பெரியது, சாம்சுங் டெப் ஏ9 பிளஸில் 7040 எம்ஏஎச், பெரும்பாலான போன்களில் 5000. சிம்மும் அதிலேயே இருந்தால் முழு நாளும் தாங்குகிறது.

ஆனால் டேட்டாவைச் சேமிக்கக் கற்றுக்கொண்டது சிம்மால் இல்லை, பழக்கத்தால்தான். டெலிகிராமில் சேர் போடுகிற ரெக்கோடிங் எல்லாம் தானாக இறங்காமல் நிறுத்தி வைத்தேன். நைட் டேட்டா உள்ள பெக்கேஜ் எடுத்து, நள்ளிரவுக்குப் பிறகு வேண்டியதை மட்டும் இறக்கி வைப்பேன். உயர்தரம் என்றால் தேசிய கல்வி நிறுவகத்தின் உயிரியல் வளநூல் தமிழிலேயே பிடிஎப் ஆக இருக்கிறது, கடந்தகால வினாத்தாள்களும் அப்படித்தான், ஒருமுறை இறக்கினால் போதும், பிறகு ஒரு எம்பியும் போகாது. உங்கள் மகள் டெப்பில் இருக்கிற நேரத்தில் பெரும்பகுதி இதை வாசிக்கிறதாகத்தான் இருக்கும், நான் அப்படித்தான் இருந்தேன். கொழும்புக்கு உதயதேவி ரெயிலில் போகும்போதும் இறக்கி வைத்ததுதான் கைகொடுக்கும், வெலிக்கந்தை தாண்டிக் காட்டுக்குள் போனால் எந்தச் சிம்மாலும் பிரயோசனம் இல்லை.

அப்புறம், மகள் வகுப்பைத் தவற விட்டதைச் சொல்லாமல் இருந்தாள் என்றீர்களே. அவளை ஏச வேண்டாம் அக்கா. நானும் உயர்தரத்தில் அப்படித்தான் இருந்தேன், அம்மா கவலைப்படுவா என்று.

பாண்டிருப்பு அப்பா:

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்கிறீர்கள். டெப்புக்குள் சிம் போட்டால் அது மூத்த மகளுக்கு மட்டும். அதே காசில் 4ஜி ரவுட்டர் ஒன்று எடுத்தால் தங்கச்சிக்கும் வரும், உங்களுக்கும் வரும், டெப் வைஃபை மட்டும் உள்ளதாக மலிவாக எடுக்கலாம். ஜீபி கணக்கிலும் வீட்டு ரவுட்டர் பெக்கேஜ்தான் மலிவு. எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள், ரவுட்டர் வைத்த பிறகுதான் சண்டை நின்றது. மாதாந்தம் ஒரு கட்டணம் இருக்கும், அதை மட்டும் யோசியுங்கள்.

களுவாஞ்சி அம்மா:

அண்ணன், நீங்கள் சொல்வது நியாயம், நானும் இதை யோசித்தேன். ஆனால் எங்கள் பக்கம் மாரி தொடங்கினால் கார்த்திகை, மார்கழி முழுக்கக் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாது. கரண்ட் போனால் ரவுட்டரும் போகும். போன வருஷம் மழைக்குள் மகள் மெழுகுதிரியில் படித்தாள். டெப்பில் சிம் இருந்தால் கரண்ட் போனாலும் வகுப்பு ஓடும் என்று நினைக்கிறேன், சரிதானே? சின்னவள் இப்போது ஆறாம் ஆண்டு, அவளுக்கு இன்னும் இணையம் தேவைப்படவில்லை. அவள் வளரும்போது ரவுட்டரைப் பார்ப்போம்.

பாண்டிருப்பு அப்பா:

சரிதான். டவரில் பற்றரி இருக்கும் வரைக்கும் ஓடும், நீண்ட நேரம் கரண்ட் போனால் அதுவும் விழும். ஆனால் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குப் பயமில்லை. ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் போடலாம், ஆனால் அதுவும் செலவு. உங்கள் நிலைமைக்கு சிம் டெப்தான், நான் ஒத்துக்கொள்கிறேன்.

சாய்ந்தமருது நானா:

தங்கச்சி, எல்லாரும் டேட்டாவைப் பற்றிக் கதைத்துவிட்டார்கள், ஒருத்தரும் ஐஎம்இஐ, அதாவது சிம் போடுகிற ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள இலக்கம், பற்றிச் சொல்லவில்லை. வைஃபை டெப்புக்கு அது கிடையாது. சிம் போடுகிற டெப்புக்கு உண்டு, 15 இலக்கம். இலங்கையில் சிம் பாவிக்கிற எந்தக் கருவிக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். வெளிநாட்டிலிருந்து கையில் கொண்டுவரும் சாமான் அவர்களுடைய பதிவில் இல்லாமல் இருக்கலாம். தம்பி வாங்குவதற்கு முதல் பெட்டியின் பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், பதிவில் இருக்கிறதா இல்லையா என்று பதில் வரும். இல்லையென்றால் எப்படிப் பதிவது என்று ஆணைக்குழுவிடமே முதலில் கேட்டுவிடுங்கள், சாமான் வந்து இறங்கின பிறகு ஓடித் திரிய வேண்டாம். எங்கள் மச்சான் ஒருத்தர் அப்படி ஓடித் திரிந்ததைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது, புது ஐபேட்களில் சிம் போடுகிற தட்டே இல்லை, கருவிக்குள்ளேயே இருக்கிற இ-சிம் மட்டும்தான். டயலொக், மொபிடெல் இரண்டிலும் இ-சிம் உண்டு, ஆனால் டெப்புக்கு ப்ரீபெய்டில் தருவார்களா என்று வாங்குவதற்கு முதல் கடையில் விசாரியுங்கள். தொந்தரவே வேண்டாம் என்றால் சாதாரண சிம் தட்டு உள்ள சாம்சுங் எடுக்கச் சொல்லுங்கள். ஒரே கம்பனியின் சிம்மை மட்டும் ஏற்கிற கம்பனி லொக் இல்லாததாகவும் இருக்க வேண்டும்.

களுவாஞ்சி அம்மா:

நானா, இதை நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் நான் கட்டாயம் மாட்டியிருப்பேன். தம்பியோடு இப்போதுதான் கதைத்தேன். சாம்சுங், சிம் தட்டு உள்ளது, வாங்குவதற்கு முதல் பெட்டி போட்டோ அனுப்புவான். மகளிடம் இன்னும் சொல்லவில்லை, கையில் கிடைத்த பிறகு சொல்வோம் என்று இருக்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி, டெப்புக்கு எப்படி ரீலோட் போடுவது? அதில் கோல் எடுக்க முடியாதே?

கல்லடிப் பாலத்தடி:

சாம்சுங் சிம் டெப்களில் பெரும்பாலும் கோலும் எஸ்எம்எஸ்ஸும் வேலை செய்யும் அக்கா, ஐபேடில்தான் சாதாரண எஸ்எம்எஸ் வராது. எதற்கும் இப்படிச் செய்யுங்கள். புது சிம்மை உங்கள் அடையாள அட்டையில் எடுத்து, முதலில் உங்கள் போனில் போட்டு, கம்பனியின் அப்பில் அந்த நம்பரைப் பதிந்துவிடுங்கள், இரகசிய இலக்கம் வருவது அப்போது உங்கள் போனுக்குத்தான். பிறகு சிம்மைக் கழற்றி டெப்பில் போடுங்கள். அதற்குப் பிறகு டியூட்டியில் இருந்துகொண்டே அப்பில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்கலாம், முடிந்தால் அங்கிருந்தே பெக்கேஜும் போட்டுவிடலாம். வகுப்பு நடுவில் நிற்காது.