முத்துப்பேட்டைக் காட்டைக் காத்தது வனச்சட்டமா, வெட்டியது வனச்சட்டமா?

படுகைக்காரன்:
"வனச்சட்டம் மட்டும் இல்லையென்றால் முத்துப்பேட்டைக் கடலோரச் சேற்றில் ஓர் அலையாத்தி மரம்கூட மிஞ்சியிருக்காது" என்று எங்கள் பக்கத்தில் படித்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

இந்தச் சட்டம் காட்டைக் காக்கப் பிறந்ததே இல்லை. ரயில் தண்டவாளத்துக்குக் கட்டை வேண்டும், அதற்காக 1865இல் ஒரு சட்டம். அது போதாது என்று 1878இல் இன்னொன்று, முன்னதைவிடக் கடுமையாக. நம் மதராஸ் அரசாங்கம் அதை ஏற்க மறுத்தது. இந்த மாகாணத்தில் ஏதோ ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு அநேகமாக இல்லை, அதில் மக்களுக்கு உரிமை உண்டு என்று 1871இலேயே வருவாய் வாரியம் எழுதி வைத்திருந்தது. வெள்ளைக்கார அதிகாரிகளே சொன்ன சொல் இது! கடைசியில் 1882இல் மதராஸ் வனச்சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

முத்துப்பேட்டைக் காடு முன்பு, சத்திரங்களை நடத்திய தஞ்சாவூர் சத்திர இலாகாவிடம் இருந்தது. 1937இல் காப்புக்காடு ஆனது. அப்புறம் என்ன, காத்தார்களா? கூப்பு கூப்பாக, அதாவது வெட்டுவதற்கான துண்டு துண்டாக, பிரித்து மொட்டையடித்தார்கள், 1970கள் வரைக்கும். வேலியே பயிரை மேய்ந்த கதை. இதற்குப் பெயர் மேலாண்மைத் திட்டம்.

ஓய்வு வனவர்:
தம்பி, கூப்பு வெட்டு நடந்தது உண்மை. ஆனால் நடந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.

மலைக்காட்டில் ஒரு கூப்பை வெட்டினால் மழையில் மறுபடி தழைக்கும். அதே கணக்கைச் சேற்றுக் காட்டிலும் போட்டார்கள், அங்கேதான் பிசகியது. மரம் போனதும் வெயில் நேராகத் தரையில் விழும், மண் காய்ந்து அமுங்கும், நடுவில் தொட்டி போலக் குழி விழும். ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், உள்ளே வந்த தண்ணீர் திரும்பிப் போகாது, அங்கேயே வற்றி உப்பாகும். அந்த உப்பில் விதை ஊன்றாது. 1990களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து செய்தது என்ன? மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஓதம் ஏறி இறங்க வழி விட்டு, கரையில் விதை போட்டார்கள். இன்று படகில் போகிறவர்கள் பார்க்கும் பசுமையில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான். பழைய தவறைத் திருத்தியதும் இதே துறைதான்.

கொள்கையும் அதே இடத்தில் நிற்கவில்லை. 1952ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை, காட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பதாலேயே நாட்டின் பொது நலனுக்கு மேலாக உரிமை கேட்க முடியாது என்றது. 1988 கொள்கை வருமானத்தைப் பின்னால் தள்ளி, சூழலையும் மக்கள் தேவையையும் முன்னால் வைத்தது. 1882ஐயே பிடித்துக்கொண்டு இன்றைய துறையை அடிப்பது நியாயமா?

இன்னொன்றும் கேட்கிறேன். 90களில் இறால் பண்ணை வந்தபோது நாகை கடற்கரையில் என்ன நடந்தது? நஞ்சை நிலமே குட்டையானது. காப்புக்காட்டு எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஏன் குட்டை வரவில்லை?

நாகை வக்கீல்:
இடையில் ஒரு தகவல். இறால் பண்ணைகளுக்கு எதிராக சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 டிசம்பர் 11. கூடலூர் கோதவர்மன் வழக்கில், அரசுப் பதிவில் எப்படி இருந்தாலும் காடு காடுதான் என்று சொன்னது மறுநாள், டிசம்பர் 12. இரண்டும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குகள். வனப் பாதுகாப்புச் சட்டத்தின் 2023 திருத்தம் இந்த இரண்டாவது தீர்ப்பைத்தான் சுருக்கப் பார்த்தது. இப்போதைக்குப் பழைய விளக்கத்தையே பின்பற்றச் சொல்லி 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவு வந்தது.

சரி, சண்டையைத் தொடருங்கள்.

படுகைக்காரன்:
வக்கீல் சாருக்கு நன்றி, எனக்கே சாதகமாகச் சொல்லிவிட்டார். இறால் குட்டையை நிறுத்தியது 1882 சட்டமா? தெருவில் உட்கார்ந்து போராடிய ஜனங்களும் ஒரு காந்தியவாதியும்.

வனவர் ஐயா, அந்த வாய்க்கால் வெட்டும் யோசனை எங்கிருந்து வந்தது? முத்துப்பேட்டைக் காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாய்க்கால் வெட்டித்தான் மீன் பிடிக்கிறார்கள். அந்தக் கரைகளில் அலையாத்தி தானாகத் தழைத்தது. அந்த மீனவருக்குக் காட்டில் இன்று என்ன உரிமைப் பத்திரம் இருக்கிறது? 2006 வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சலும் நீர்நிலை மீனும் சமூக உரிமை என்று எழுதியே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2008இல் உயர் நீதிமன்றம் பட்டா வழங்கக் கட்டுப்பாடு போட்டு, 2016இல்தான் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. எட்டு வருடம் யார் அவசரப்பட்டார்கள்?

ஓய்வு வனவர்:
அந்தச் சட்டத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். பழங்குடி அல்லாதவர் என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், முதன்மையாகக் காட்டில் வசித்து அதை நம்பி வாழ்ந்திருக்க வேண்டும். ஜாம்பவானோடையில் வீடு, காட்டில் வலை என்றால் அதை நிரூபிப்பது சுலபமில்லை. உரிமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆளாளுக்கு வாய்க்கால் வெட்டினாலும் காடு கெடும் என்கிறேன்.

வேதாரண்யம் மலர்:
அண்ணே, ஐயா, இரண்டு பேரும் முத்துப்பேட்டையையே சுற்றுகிறீர்கள். கோடியக்காட்டுக்கு வாருங்கள். வெளிமானுக்காக 1967இல் சரணாலயம் ஆக்கினார்கள். எங்கள் பாட்டி காலத்தில் பாலைப்பழம் பொறுக்குவதும் சுள்ளி எடுப்பதும் யாரையும் கேட்டுச் செய்யும் வேலை இல்லை. இப்போது கூடையோடு போகிறவள் திருடி மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு போகிறாள். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் சரணாலயங்களுக்குள் மாடு மேய்ப்பதையும் தடுத்தது.

மாட்டை விரட்டினார்கள், சரி. சீமைக்கருவேலத்தை விரட்டினார்களா? அதன் நெற்றை மட்டக்குதிரையும் மானும் தின்று சாணத்தில் விதைக்கின்றன. புல்வெளி சுருங்கினால் மான் எதைத் தின்னும்? கருவேலம் வெட்டும் வேலையை ஊர்ப் பெண்களுக்குக் கொடுத்து விறகை எடுத்துக்கொள்ளச் சொன்னால் இரண்டு பக்கமும் லாபம். இதைச் சொன்னால் சரணாலய விதி இடிக்கிறது என்கிறார்கள். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் காட்டில் மரம் சரிந்து கிடந்தபோதும் இதே பதில்தான்.

ஓய்வு வனவர்:
மலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விழுந்த மரத்தை எடுக்கவிட்டால் நிற்கிற மரத்தையும் விழ வைப்பார்கள் என்ற பயம் துறைக்கு உண்டு, அது அனுபவத்தில் வந்த பயம். ஆனாலும் கருவேலம் விஷயத்தில் விதியைத் தளர்த்தலாம்.

திருத்துறைப்பூண்டி சம்பா:
33 சதவீதம் மரம் வேண்டும் என்று ஆள் ஆளுக்குப் பேசுகிறார்கள். நஞ்சையில் தேக்கு வைத்துவிட்டு நெல்லுக்கு ஆந்திரா போவோமா? வரப்பில் வைத்த தேக்கை வெட்டி ஏற்றவே விஏஓ சான்று, ரேஞ்சர் அனுமதி என்று அலைச்சல். இதனால்தான் இங்கே எவனும் மரம் வைப்பதில்லை.

நாகை வக்கீல்:
அந்த மூன்றில் ஒரு பங்கு நாடு முழுவதற்குமான இலக்கு. மலைப்பகுதிக்கு மூன்றில் இரண்டு என்று அதே 1988 கொள்கை சொல்கிறது. தஞ்சாவூர் வயலைக் காடாக்கு என்று யாரும் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

கோரையாறு:
ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். சட்டம், உரிமை எல்லாம் பேசினீர்கள், தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அலையாத்திக்கு உப்புத் தண்ணீர் மட்டும் போதாது, பாமணி ஆற்றிலும் கோரையாற்றிலும் நல்ல தண்ணீர் வந்து கலக்க வேண்டும். 1934இல் மேட்டூர் கட்டியதிலிருந்து அது குறைந்துகொண்டே வருகிறது. எல்லைக் கல்லுக்குள் வெட்டினால் வழக்குப் போட வனச்சட்டம் இருக்கிறது. ஆற்றை மேலே அடைத்தால் எந்த வனச்சட்டமும் வராது. மதகு நீர்வளத் துறையிடம்.

2007 காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பில் சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சி, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4 டிஎம்சி என்று ஒதுக்கினார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பிலும் அது அப்படியே நிற்கிறது.

திருத்துறைப்பூண்டி சம்பா:
குறுவைக்கே தண்ணீர் கடைமடை வந்து சேரவில்லை, இதில் காட்டுக்கு வேறு பங்கா? கடலில் கலக்கிற தண்ணீர் வீண்தான்.

படுகைக்காரன்:
அண்ணே, நானும் கடைமடைதான். ஆற்றில் தண்ணீர் வராத வருடத்தில் உப்பு எங்கள் கிணற்றுக்கே ஏறுகிறது. கடலுக்குப் போகிற தண்ணீர்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. இதில் நான் கோரையாறு பக்கம். வனவர் ஐயாவோடு மற்ற சண்டை அப்படியே இருக்கிறது.

ஓய்வு வனவர்:
மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்வோம் தம்பி. கோரையாறு, அந்த 10 டிஎம்சியை எந்த மதகில் வைத்து அளக்கிறார்கள் என்று யாராவது தகவல் உரிமையில் கேட்டிருக்கிறீர்களா?

கோரையாறு:
இல்லை. மனு எழுதுகிறேன், வக்கீல் சார் ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்.