ராத்திரியில் விரால் அடிக்கிறது, முள்ளில் ஏற மாட்டேன் என்கிறது. கருப்பு ஃப்ளையில் என்ன கோளாறு?

கலிங்குக்காரன்:
மதுரைக்குத் தெற்கே ஒரு கண்மாய். மீன் குத்தகை எடுத்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் தூண்டில் போடுகிறேன், அந்தப் பேச்சு வேண்டாம். வெளிநாட்டில் ட்ரௌட் என்ற குளிர்நீர் மீனுக்கு ராத்திரியில் போடும் கருப்பு ஃப்ளையை, அதாவது முள்ளில் இறகு கட்டிச் செய்யும் போலி இரையை, வீடியோவில் பார்த்து அப்படியே கட்டினேன். 6-ஆம் நம்பர் முள், மிதக்க ரப்பர் செருப்பில் அறுத்த துண்டு, கறிக்கடையில் சும்மா கிடைத்த கருஞ்சேவல் கழுத்து இறகு, தலையில் நகப்பூச்சு. பாசி மாட்டாமல் இருக்க ஒரு தங்கூசி (நைலான் இழை) வளையம்.

8 மணிக்கு மேல் ஆகாயத்தாமரை ஓரம் போட்டால் 'ளப்' என்று சத்தம். 3 ராத்திரியில் 11 தடவை அடித்தது, ஒன்றுகூட ஏறவில்லை. சத்தம் கேட்டதும் சுண்டினால் ஃப்ளை மட்டும் என் முகத்துக்கு வருகிறது. போதாததற்கு நாலு வீச்சுக்குள் அது ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறது, தூண்டில் நரம்பு முறுக்கேறுகிறது.

வைகைக்கரை:
பக்கவாட்டில் ஒரு படம் போடுங்கண்ணே.

கலிங்குக்காரன்:
போட்டிருக்கிறேன். கை நடுக்கத்துக்கு மன்னிக்கவும்.

வைகைக்கரை:
பார்த்ததும் தெரிகிறது. செருப்புத் துண்டு முள்ளின் வயிற்றுக்குள் இறங்கி நிற்கிறது. தண்டுக்கும் கூருக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுனிகூட நுழையாது, அப்புறம் விரால் தாடை எப்படி நுழையும்? உங்கள் 6-ஆம் நம்பரைவிடப் பெரிய 2/0 முள் எடுங்கள். துண்டை பிளேடால் 4 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, தண்டுக்கு மேலே மட்டும் கட்டுங்கள். வெறும் இரும்பின் மேல் கட்டினால் வழுக்கிச் சுற்றும். முதலில் தண்டு முழுக்க நூலை நெருக்கமாகச் சுற்றி, ஒரு சொட்டு பசை விட்டு, அதன்மேல் துண்டை வைத்து இறுக்குங்கள். ஒருக்களிப்பது அதிலேயே பாதி தீரும். தங்கூசி வளையமும் விறைப்பாகத் தெரிகிறது. கட்டைவிரலால் லேசாக அமுக்கினாலே மடங்க வேண்டும்.

ஊட்டிக் குளிர்:
தம்பி, அந்த ஃப்ளை பிரவுன் ட்ரௌட்டுக்கு உள்ளது. பெரிய பிரவுன்கள் இருட்டிய பிறகுதான் துணிந்து மேலே வரும். அடியிலிருந்து பார்த்தால் வானம் கொஞ்சம் வெளுப்பு, கருப்பு நிழல் பளிச்சென்று தெரியும், அதனால்தான் அந்த நிறம். அது இங்கேயும் செல்லும். முள் கணக்குதான் செல்லாது, விராலுக்கு வாய் முழுக்க எலும்பு. முள்ளின் கூர் முனையை நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் அரம் போடுங்கள். எங்கள் ஊட்டிப் பக்கத்து அவலாஞ்சியில் 1907-லிருந்து குஞ்சு பொரித்து வளர்த்தது வானவில் ட்ரௌட். ராத்திரியில் அங்கே காட்டுக்குள் விடவும் மாட்டார்கள், ஆகவே பிரவுன் கதை எனக்கும் படித்த கதைதான்.

சத்தத்துக்குச் சுண்டுவதை மட்டும் எந்த மீனுக்கும் செய்யாதீர்கள். கையில் கனம் தெரிந்த பிறகு இழுங்கள்.

மாடக்குளத்தான்:
இதற்கு ஒரு தவளையைக் கோத்துப் போட்டால் முடிந்தது.

வைகைக்கரை:
முடியும், ஆனால் அவர் கேட்டது அதில்லை. கலிங்குக்காரண்ணே, இன்னொன்று. தண்ணீர் மேல் செவசெவவென்று குஞ்சுக் கூட்டம் கொதிக்கிற இடத்தில் போடாதீர்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அடிப்பது பசிக்கு அல்ல, விரட்டுவதற்கு. அதைப் பிடித்தால் அத்தனை குஞ்சும் கெண்டைக்கும் கெளுத்திக்கும் இரை.

கலிங்குக்காரன்:
அட, அந்தத் தாமரை ஓரத்தில் போன வாரம் குஞ்சு பார்த்தேன். இடத்தை மாற்றி மடைப்பக்கம் போனேன். டார்ச்சைத் தண்ணீரில் அடிக்காமல், ஃப்ளையை ஒரு சாண் இழுத்து, பத்து எண்ணி, மறுபடி ஒரு சாண். நேற்று 4 தடவை அடித்ததில் 2 ஏறியது. அதில் ஒன்று, எடை முக்கால் கிலோ இருக்கும். சத்தம் கேட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் பெரும்பாடு. நரம்பு மட்டும் இன்னும் கொஞ்சம் முறுக்குகிறது.

வைகைக்கரை:
அடிப்பக்க இறகை முள்ளோடு ஒட்டக் கத்தரியுங்கள். வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், எப்படிப் போட்டாலும் வயிறு கீழே வந்தால் சரி.

கலிங்குக்காரன்:
வந்துவிட்டது.