எலும்பு சிமெண்டும் பல்செட்டும் ஒரே பொருளா?

வேதியியல் மாணவி:
பிஎம்எம்ஏ என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக் பொடியில், அதன் மூலப்பொருளான எம்எம்ஏ திரவத்தைக் கலந்தேன். பத்து நிமிடத்தில் கப்பைத் தொட முடியவில்லை. தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) 74° செல்சியஸ் காட்டியது. இதையா எலும்பு சிமெண்ட் என்று இடுப்பெலும்புக்குள் வைக்கிறார்கள்? எலும்பு வெந்துவிடாதா?

பல்செட் லேப்காரர்:
அதேதான்மா. பல்செட்டின் ரோஸ் நிற அடித்தளமும் இந்த அக்ரிலிக்தான். 1958-இல் ஆங்கிலேய எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டைப் பிடிக்கவைக்க இதைத்தான் எடுத்தார். பொடியில் பென்சாயில் பெராக்சைடு, திரவத்தில் அமீன். சேர்ந்ததும் வினை கிளம்பிவிடும். எவ்வளவு கனம் ஊற்றினீர்கள்?

மாணவி:
3 செ.மீ. இருக்கும்.

எலும்பு மருத்துவர்:
அங்கேதான் விஷயம். நாங்கள் வைப்பது சில மில்லிமீட்டர் கனம். செயற்கை மூட்டின் உலோகத் தண்டும் ரத்த ஓட்டமும் சூட்டை இழுத்துக்கொள்ளும். எனக்குப் பயம் வேறு: சிமெண்டை அழுத்தும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் சரியும். 3 மி.மீ. அச்சில் அளந்து பாருங்கள்.

மாணவி:
46°தான் டாக்டர்! நாற்றம்தான் தாங்கவில்லை.

லேப்காரர்:
ஃப்யூம் ஹுட்டில் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) வைத்துக் கலங்கம்மா. எம்எம்ஏ லேட்டக்ஸ் கையுறைக்குள்ளும் ஊடுருவும்.