கடல் எண்ணெய்த் தளத்துக்கு ஹெலிகாப்டரில் போகிறவர்கள் வழிகாட்டுங்கள்

நண்பர்களே, கடலில் உள்ள எண்ணெய்த் தளத்தில் வேலை செய்கிறேன். போகவர ஹெலிகாப்டர்தான். சென்ற முறை திரும்பும்போது முதுகுவரை ஏறியது ஒரு புதுவித அதிர்வு. இறங்கியதும் பொறுப்பாளரிடம் சொன்னேன். "வழக்கமானதுதான்" என்றார். என்னால் அப்படி விட முடியவில்லை. 2016 ஏப்ரலில் நார்வே கடற்கரையருகே ஒரு ஹெலிகாப்டரின் பல்சக்கரப் பெட்டிக்குள் ஒரு சக்கரம் உடைந்து, மேலே சுழலும் இறக்கைத் தொகுதியே கழன்றுபோனது. அதிலிருந்த 13 பேரும் இறந்தார்கள். முன்னெச்சரிக்கை எதுவும் விமானிகளுக்குக் கிடைக்கவில்லை.

அதிர்வை அளக்கும் கருவியின் பதிவுகளைத் தொழிலாளர்கள் கேட்டுப் பெற முடியுமா? யாராவது ஏற மறுத்திருக்கிறீர்களா? எழுத்தில் கொடுத்தீர்களா, பாதுகாப்புப் பிரதிநிதி வழியாகவா? வேலைக்குப் பாதிப்பு வந்ததா? ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் தப்பிக்க, நீருக்குள் கவிழ்ந்த கூண்டிலிருந்து வெளியேறும் பயிற்சி முடித்திருக்கிறேன். ஆனால் அது வெளிச்சமான, அலையில்லாத குளம். அடுத்த பயணம் பத்து நாளில். அதற்குள் சொல்லுங்கள்.