மறு: மறு: இராமானுஜன் ஆராய்ந்த எண்களுக்கு ஒரு பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு,

> ஹைலி காம்போசிட் நம்பர் = உயர் பகு எண். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. 2-ஐ எங்கே வைப்பீர்கள்? தன்னைவிடச் சிறிய எண்கள் எல்லாவற்றையும்விடக் கூடுதலான காரணிகள் கொண்ட எண்ணுக்குத்தானே பெயர் தேடுகிறோம்? 1-க்கு ஒரே காரணி, 2-க்கு இரண்டு. ஆகவே 2 இந்த வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் அது பகா எண். "2 ஓர் உயர் பகு எண், ஆனால் பகு எண் அன்று" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் யார் போய்ச் சொல்வது? ஆங்கிலப் பெயரிலும் இதே கோளாறு உண்டு. அவர்கள் இடறிய கல்லில் நாமும் கால் வைக்க வேண்டுமா?

'உயர்' என்பதும் உறுத்துகிறது. 60-க்கு 12 காரணிகள், 72-க்கும் 12. அதனாலேயே 72 வெளியே நிற்கிறது. முந்தியதை எட்டிப் பிடித்தால் போதாது, விஞ்ச வேண்டும். அந்த வினையையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து: விஞ்செண்.

> 'மிஞ்செண்' இன்னும் எளிது.

எளிதுதான். ஆனால் வகுத்தலில் மிஞ்சுவது மீதி. இத்தனை எண்களால் மீதியின்றி வகுபடும் ஒன்றுக்கா அந்தப் பெயர்! 'மிகு எண்' என்றாலோ, மிகை எண்ணோடு குழப்பம் வரும். (12-இன் மற்றக் காரணிகளைக் கூட்டினால் 16, அதனால் 12 மிகை எண். அந்தச் சொல் அங்கேயே இருக்கட்டும்.)

பெரிய எண்ணில் பொருத்திப் பார்த்தேன். 1915-இல் இலண்டன் கணிதக் கழக இதழில் வெளிவந்த கட்டுரையில் இராமானுஜன் இவற்றை அட்டவணையாகவே தந்திருக்கிறார். அதன் கடைசி எண் 6746328388800, காரணிகள் 10080. அவ்வளவு நீண்ட வரிசையில் ஒன்றே ஒன்று அவர் கைக்குத் தப்பிவிட்டது: 293318625600. பிரித்தால்

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040 காரணிகள். அந்த 5040-உம் ஒரு விஞ்செண்! தப்பிய எண்ணை 23-ஆல் பெருக்கினால் வருவது அட்டவணையின் அதே கடைசி எண். இதைக் கணக்கிட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

"29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 ஒரு விஞ்செண்." வாக்கியம் இடறாமல் நிற்கிறது அல்லவா?

சிக்கல் வேறோர் இடத்தில். அதே கட்டுரையில் இவற்றுள்ளும் மேலான ஓர் உட்பிரிவை அவர் வகுத்திருக்கிறார். 120 அதில் உண்டு, 180 இல்லை. 'மீவிஞ்செண்' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே பிடிக்கவில்லை. 'தலைவிஞ்செண்' என்றால் பரவாயில்லையா?