மறு: விளையாட்டின் ஒரு கட்டத்துக்குப் பெயர் – 'பருமன் வரிசை' வேண்டாமே

ஐயா, வணக்கம்.

நம் விளையாட்டில் 10 மடங்கு ஏறுகிற ஒரு கட்டத்துக்குப் பெயராக நீங்கள் சொன்ன 'பருமன் வரிசை'யை (order of magnitude) நேற்று காட்பாடியில் எங்கள் தெருப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன், தேறவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுங்கள்.

குழுவுக்குப் புதியவர்களுக்காக: படங்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை ஏற்றிக்கொண்டே போகிற விளையாட்டு இது. ஒரு கட்டம் ஏறினால் நீளம் 10 மடங்கு. ரத்தச் சிவப்பணு, தலைமுடியின் தடிமன், பாலாற்று மணல், கட்டெறும்பு, ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடி, பூமி, சூரியன் என்று போகும். அந்த ஒரு கட்டத்துக்குத்தான் பெயர் வேண்டும். 'அளவுகோல்' என்று ஆரம்பித்தோம், ஒரு பையன் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து ஸ்கேலை எடுத்துவிட்டான்.

சரி, சிக்கல் எங்கே வந்தது என்றால் சூரியனில். பூமிக்கு மேல் இரண்டு கட்டம் தள்ளி வைத்தாள் ஒருத்தி, அவள் கணக்கு விட்டத்துக்கு, ஏறக்குறைய 109 மடங்கு. ஒன்பதாவது படிக்கிற அவள் அண்ணன் விடவில்லை, 'பருமன்னுதானே போட்டிருக்கு, சூரியனுக்குள்ள 13 லட்சம் பூமி போகும், ஆறு கட்டம் தள்ளு' என்றான். அவன்மேல் தப்பே இல்லை ஐயா, அவன் அறிவியல் பாடத்தில் பருமன் என்றால் கன அளவு. நீளம் 10 மடங்கானால் பருமன் 1000 மடங்கு என்பதுதான் இந்த விளையாட்டில் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடமே, அங்கே போய் நாமே அந்தச் சொல்லை வைத்தால் எப்படி?

'அடுக்கு' என்று ஒருவர் எழுதியிருந்தார். கணக்குப்படி சரிதான், 10-இன் அடுக்குதான் ஏறுகிறது. ஆனால் 'மூன்று அடுக்கு மேலே' என்றால் இவர்களுக்கு மாடிவீடுதான் கண்ணில் நிற்கிறது.

பிள்ளைகளே என்ன சொல்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டேன். 'ரெண்டு சைபர் ஏத்து', 'ஒரு சைபர் இறக்கு.' எனக்கு இது ரொம்பப் பிடித்தது, ஆனால் மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் சைபர் புள்ளிக்கு அந்தப்பக்கம் சேர்கிறது, இறக்கினால் சைபர் கூடுகிறது, குழம்பிவிட்டார்கள்.

அதனால் என் முன்மொழிவு: பதின்படி. 'எறும்பு மணலுக்கு ஒரு பதின்படி மேலே', 'சூரியன் பூமிக்கு இரண்டு பதின்படி மேலே.' ஏறவும் வரும், இறங்கவும் வரும். கணக்கில் பல்லுறுப்புக்கோவையின் 'படி'யோடு (degree) மோதும் என்பீர்கள், மோதட்டும், முன்னால் 'பதின்' இருக்கிறதே. 'பத்துப்படி' என்றுதான் முதலில் சொன்னேன், திண்ணையில் இருந்த பாட்டி 'யார் வீட்டுக் கல்யாணத்துக்கு அரிசி?' என்று கேட்டார்.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. காவலூர் ஆடி 1 மீட்டருக்கும் 10 மீட்டருக்கும் நடுவில் தொங்குகிறது. நடு என்றால் பிள்ளைகள் 5 மீட்டர் என்கிறார்கள், இந்த ஏணியில் பாதி வழி 3.16 மடங்கு, அதை இரண்டு முறை ஏறினால்தான் 10 மடங்கு. அதை 'அரைப்படி' என்று போட்டால் பாட்டி மறுபடி அரிசிக்கு வந்துவிடுவார். வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா?