ஈரோடு பக்கம் பல் இம்ப்ளாண்ட் ஸ்க்ரூ ட்ரைவர் இரவல் கிடைக்குமா?

டாக்டர்களே, வணக்கமுங்க. கோபியில் ஒரு பேஷண்டுக்குக் கீழ்க் கடைவாய் இம்ப்ளாண்ட் (எலும்பில் பதித்த செயற்கைப் பல்வேர்) மேல் இருக்கிற கேப் ஆடுது. எக்ஸ்ரேயில் சுற்றிலும் கறுப்புக் கோடு இல்லை, எலும்பு கெட்டி; அதனால் ஆடுவது அபட்மெண்ட் ஸ்க்ரூதான் (கேப்பைத் தாங்குகிற துண்டை இம்ப்ளாண்டோடு இறுக்குவது). சிமெண்ட் வைத்து ஒட்டிய கேப் என்பதால் மேலே துளையிட்டு ஸ்க்ரூ தலையை எட்டியாச்சு. 1.2 மி.மீ. ஹெக்ஸ் (அறுகோண முனை) ட்ரைவர் உள்ளே போகுது, ஆனால் பிடிக்காமல் வெறுமனே சுற்றுது. அழுத்தித் திருகினால் குழி மழுங்கிடும், அப்புறம் ஸ்க்ரூவைத் துளைத்தெடுக்கிற பாடு. இம்ப்ளாண்ட் போட்ட இடத்தில் எந்தக் கம்பெனியோடதுன்னு சொல்ற அட்டையே தரலை (இதைத் தராமல் அனுப்புவது பெரிய அநியாயம்!).

1.25, 1.27 ஹெக்ஸ், நட்சத்திர முனை ட்ரைவர் வைத்திருப்பவங்க ஒரு நாள் தருவீங்களா? ஈரோடு, திருப்பூர், எங்கேன்னாலும் ஆள் அனுப்பறேன். எக்ஸ்ரே கீழே இருக்கு. கழுத்து, மரை வடிவத்தைப் பார்த்து பிராண்ட் தெரிந்தால் சொல்லுங்க. புது ஸ்க்ரூவும் முறுக்கு அளவும் அதை வைத்துத்தான்.